சவரிமுத்துவின் வயிற்றுத் தையல்

ஆபரேஷன் வார்டு நர்ஸ் வேலை என்பது, வலி பத்துக்கு எத்தனை என்று அடுத்தவரைக் கேட்டு, அவர் சொல்லும் பொய்யைச் சார்ட்டில் நிஜம் மாதிரி எழுதுகிற உத்தியோகம். சிதம்பரத்தில் முப்பத்துநாலு வருஷம் எழுதினேன். வயிற்றில் தையல் வாங்கிய அன்பர்களே, தும்மல் வரும்போது நீங்கள் கூப்பிட்ட சாமிகளின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. நமக்குள் ஒளிவுமறைவு வேண்டாம்.

தலையணைக்கடியில்

நான் ரிட்டையர் ஆவதற்கு முந்தின தவக்காலம். கடலூரில் ஆட்டோ ஓட்டும் சவரிமுத்துவுக்குக் குடலிறக்கத்துக்குப் பெரிய ஆபரேஷன். மூன்றாம் நாள் வலி எவ்வளவு என்று கேட்டேன். ரெண்டு என்றார். நெற்றியெல்லாம் வேர்வை, அவர் பிடித்த பிடியில் கட்டில் கம்பிதான் பாவம். இருமச் சொன்னால் தொண்டையைக் கனைத்துக் காட்டினார். தலையணையைத் தூக்கினேன். கொடுத்த மாத்திரை அத்தனையும் அங்கே.

அவர் சம்சாரம் பிலோமினா விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஈஸ்டர் முடிந்து மகள் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். கையைப் பிடித்துக் கோயில் பீடம் வரை அழைத்துப் போக வேண்டியவர் இவர். அது நல்லபடி நடக்க, தவக்காலத்தில் ஆண்டவருக்காக விட்டுவிடுகிற ஒறுத்தலில், கறியோடு வலி மாத்திரையையும் சேர்த்துவிட்டாராம். மூச்சை இழுத்து விடாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், அப்புறம் எங்கே நடப்பது என்று நான் ஆரம்பிப்பதற்குள் அந்தம்மா டம்ளரை நீட்டிவிட்டார். "கறியத்தான் விடுறேன்னு வருஷா வருஷம் சொல்லுவ. ஆண்டவரு மாத்திரைய எப்பய்யா கேட்டாரு? முழுங்கு."

கொள்ளிடத்து நோயாளி

வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தோம். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளப் பழக்கினேன். நடக்க மட்டும் மாட்டேன் என்றார். உடனே, பழைய கொள்ளிடம் ஆற்று முதலை ஒன்று கரையேறி, டவுன் பஸ் பிடித்து வந்து, எங்கள் வார்டில் ஆபரேஷனுக்குப் படுத்த கதையை எடுத்துவிட்டேன். சாட்சி இல்லாமல் பேசுகிறவன் இல்லை நான், முதலையே சாட்சி. அவர் நடந்தால் கதை நடக்கும், நின்றால் நிற்கும். வராந்தாக் கோடி வரை போய்த் திரும்பினோம். டியூட்டி முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பினால், பின்னாலேயே வயிற்றில் தலையணையோடு ஓர் ஆள். "தையல் பிரிக்கும்போது அது கடிச்சுதா இல்லியா, சொல்லிட்டுப் போ மச்சான்."

பத்து நாள் மாத்திரை

வீட்டுக்கு அனுப்பும்போது, அபின் வகையைச் சேர்ந்த வலுவான வலி மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வரும்படி பத்து நாளுக்குக் கொடுத்திருந்தோம். அத்தனையும் தீர்ந்துபோய் ஆறாம் நாளே வந்து நின்றார், வலி ஒன்பது என்று. மாத்திரையே வேண்டாம் என்ற அதே மனுஷர். டாக்டரம்மா பார்த்தார்; தையல் அருமையாய் ஆறியிருந்தது. வலிக்கு என்று ஆரம்பித்தவர் தூக்கத்துக்கும் போட்டு, மனசு லேசாகவும் போட்டிருக்கிறார். சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது நாற்காலியிலேயே குறட்டை.

டாக்டரம்மா திட்டவில்லை. உடம்பு பழகிப்போய்க் கேட்கிறது, கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்கலாம், சாதாரண வலி மாத்திரை போதும், தினம் நடங்கள் என்றார். புதிதாகக் கொடுத்த மாத்திரை டப்பா மகள் கைக்குப் போனது. அப்பா முறைத்தார். ஜெனிட்டா அசையவில்லை. "வலிச்சா என்கிட்ட சொல்லுப்பா. தூங்கி வழியற அப்பா கையப் புடிச்சிக்கிட்டு நான் கோயிலுக்குள்ள வர மாட்டேன்."

பாதி வழியில்

நானும் கடலூர்க்காரன்தான். சாயங்காலமானால் அவரை சில்வர் பீச்சுக்கு இழுத்துக்கொண்டு போவேன். முதல் வாரம் எரிச்சல், வேர்வை, என் வம்சத்துக்கே வசவு. மாத்திரை ஒன்றாகி, பாதியாகி, ஒருநாள் இல்லாமலே போனது.

கல்யாணத்தன்று வெள்ளை வேட்டியும் தெளிந்த கண்ணுமாக மகள் கையைப் பிடித்து வந்தார். பாதி வழியில் நடை தளர்ந்தது, நின்றேவிட்டார். பெஞ்சிலிருந்து எழுந்து ஓடி, தையலா என்று காதோடு கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான். இன்னும் பத்தடியில இவ கைய வுடணும், அதான் மெதுவாப் போறேன்."

அந்த வலிக்கு மட்டும் எங்கள் வார்டு அலமாரியில் எதுவும் கிடையாது. இருந்திருந்தால், டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் அன்றைக்கு நானே ஒன்று போட்டிருப்பேன்.