ஆற்றுக்கு இக்கரையில் ஒரு நகராட்சி

போன சனிக்கிழமை, அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஊரான கேட்டியில் ஒரு கடை வாசலில், கல்லில் மக்காச்சோள மாவு வேகும் வாசனை வந்தது. வாங்கப் போனது கொத்தமல்லி. நினைவுக்கு வந்தது மார்த்தா.

என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அவனைப் பார்த்துக்கொண்டவர். ஹோண்டுராஸில் ஏதோ மலையூர். ஹோண்டுராஸ் எந்தப் பக்கம் என்று ரகசியமாக மேப்பில் பார்த்துக்கொண்டேன். என் பூகோளம் அவ்வளவுதான்.

ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது மார்த்தா சமையலறையில் அழுதுகொண்டிருந்தார்.

"கிரீன் கார்டுக்கு பர்த் சர்ட்டிபிகேட் கேக்கறாங்களாம்ங்க," என்றாள் மனைவி. "புயல்ல மலை சரிஞ்சு அந்த ஊர் ஆபீஸே போயிடுச்சாம், ரிஜிஸ்டரோட. நடந்ததை எழுதி சைன் பண்ணிக் குடுங்கன்னு லாயர் சொல்றாராம். நீங்க டைப் பண்ணிக் குடுங்களேன்."

அரைப் பக்கம் வரும் என்று நினைத்து லேப்டாப்பைத் திறந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. மார்த்தா தன் பிறப்பை விட்டுவிட்டு ஊரின் பிறப்பிலிருந்து தொடங்கினார்.

முன்பு அது அக்கரையிலிருந்த பெரிய ஊரைச் சேர்ந்ததாம். பிறப்பு, இறப்பு எதைப் பதிவதற்கும் ஆற்றைக் கடக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில், குழந்தையின் பெயரைப் பதியப் போன கணவனும் மனைவியும் வெள்ளத்தில் போய்விட்டார்கள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போயிருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் எழுதப் படிக்கத் தெரிந்தவர். மனு மேல் மனு எழுதி, தலைநகருக்கு நடையாய் நடந்து, ஊரைத் தனி நகராட்சியாக்கினார். நகராட்சி என்றால் ஓர் அறை, ஒரு மேசை. அவரே குமாஸ்தா. பதிவேட்டில் அவர் எழுதிய முதல் பெயர் அந்தக் குழந்தையுடையது.

"சரி, உங்களைப் பத்திச் சொல்லுங்க," என்றேன் நான், அவசரக்காரன்.

மார்த்தா ஸ்பானிஷும் ஆங்கிலமுமாகச் சொன்ன பதிலைத் தமிழில் எழுதுகிறேன்: "என்னைப் பத்திதான் சொல்லிட்டிருக்கேன். அந்தக் கொழந்தை நான்தான். பேர் எழுதறப்ப எனக்கு நாலு வயசு. எழுதினவரைத்தான் அப்பான்னு கூப்பிட்டேன்."

மனைவி எழுந்து வந்து மார்த்தாவின் தோளில் கை வைத்தாள்.

எழுதி முடித்தபோது நான்கு பக்கம். கிரீன் கார்டு ஆபீஸில் அதை ஏற்றுக்கொண்டார்கள். கார்டு வந்தது. பிறகு மார்த்தா டாலஸில் இருந்த மகளிடம் போய்விட்டார். இரண்டு வருடம் முன்பு இறந்துபோனார். மகள்தான் போன் செய்தாள். மலைச்சரிவுக்குப் பின் ஜனங்கள் கலைந்துவிட, நகராட்சியையும் எடுத்துவிட்டார்களாம்.

எழுதியதன் நகல் என்னிடம் இல்லை. பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட்டபோது அதுவும் போயிற்று. வெள்ளத்தில் போன அந்த இருவரின் பெயர்களையும் மார்த்தா எழுத்தெழுத்தாகச் சொல்ல, என் கையால்தான் அடித்தேன். எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.