இடைவேளையில் சொன்ன கதை

14.6.2009 தொலைக்காட்சிப் பெட்டி 11,500
2.7.2009 கேபிள் இணைப்பு, முன்பணம் 750
19.8.2014 காதுக் கருவி 18,000
10.3.2019 பென் டிரைவ் சொருகும் புதிய பெட்டி 16,800
10.3.2019 பென் டிரைவ், மாப்பிள்ளை கொடுத்தது, 0

தையல்காரம்மாவின் வீட்டில் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் ஆன செலவு இவ்வளவுதான். அவள் மருத்துவமனைத் துணிக்கிடங்கில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பவள். அவள் கணவர் தகர டப்பா செய்யும் பட்டறையில் இருபத்தொன்பது வருஷம் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று, காதை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்பியவர். பட்டறையில் அவருக்கு டமாரம் என்று பெயர். அந்தப் பெயர் அவரைக் கூப்பிட உதவாது, அவரைப் பற்றிப் பேசத்தான் உதவும்.

மாலை ஏழரைக்கு ஒரு தொடர். கணவனும் மனைவியும் சேர்ந்து பார்ப்பார்கள். அவர் படத்தைப் பார்ப்பார், அவள் வசனத்தைக் கேட்பாள். சோப்பு விளம்பரம் தொடங்கியதும் அவள் தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வாள். விளக்கு வெளிச்சம் வாயில் விழவேண்டும். அதுவரை யார் என்ன பேசினார்கள் என்பதை உதட்டாலும் கையாலும் சொல்லி, விளம்பரம் முடிவதற்குள் முடித்துவிடுவாள். உலகத்தில் அவள் ஒருத்தியின் உதட்டசைவுதான் அவருக்குப் புரியும். டாக்டரோ மகளோ பக்கத்து வீட்டுக்காரரோ, யார் பேசினாலும் அவர் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்.

முதல் மாதம் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். ஒரு நாள் பால் பொங்குகிறதென்று அடுப்படிக்கு ஓடியதில் பாதிப் பேச்சு விட்டுப்போயிற்று. தோன்றியதைச் சொல்லிச் சமாளித்தாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

பிறகு மீசைக்காரன் வந்தான். தொடரில் வரும் வீட்டு மருமகள்களுக்கு அவன் தாய்மாமன். "இவன் நல்லவன். மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது" என்று இவர் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மீசைக்காரன் மறுநாளே அக்காவின் பாலில் விஷத்தைக் கலந்தான். அவருடைய ஆவலான முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு வரவில்லை. அது மருந்து என்றாள். உண்மையான திருடனைப் பிடிக்கத்தான் அவன் திருடன்மாதிரி நடிக்கிறான் என்றாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற அன்றாடம் புதிதாக ஒன்று வேண்டியிருந்தது. ஊருக்கெல்லாம் அயோக்கியனான மீசைக்காரன் அந்த வீட்டில் மட்டும் மூன்று வருஷம் உத்தமனாக இருந்தான்.

போகப்போகத் தன் பேச்சையும் அதில் கலந்தாள். நேரில் சொன்னால் எடுபடாததை மூத்த மருமகள் சொன்னதாகச் சொன்னாள். ரத்த அழுத்த மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கும் மாமனாரை அந்த மருமகள் கிழிகிழியென்று கிழித்ததாக ஒரு மாலை சொன்னாள். மறுநாளிலிருந்து இவருடைய மாத்திரை ஒழுங்காக உள்ளே போயிற்று.

அந்த மார்ச்சில் மாப்பிள்ளை பென் டிரைவோடு வந்தார். தொடரை முதல் நாளிலிருந்து டவுன்லோடு செய்திருந்தார். பேசுவதெல்லாம் கீழே எழுத்தாக ஓடும், விளம்பரம் கிடையாது, வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். இந்தக் காலத்தில் யாராவது ஏழரை மணிக்காகத் தவம் கிடப்பார்களா என்று கேலி செய்தார். இனி யார் தயவும் வேண்டாம் என்று மாமனாருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அவர் அதை இரண்டு தடவை படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வாசல்வரை வழியனுப்பப் போனவள் மெல்லக் கேட்டாள். "அந்த எழுத்தெல்லாம் சரியா இருக்குமா மாப்பிள்ளை? தப்புத்தப்பா போடுவாங்களாமே."

"தப்பா இருந்தா திருத்திச் சொல்லத்தான் நீங்க இருக்கீங்களே அத்தை" என்று சிரித்துக்கொண்டே அவர் வண்டியைக் கிளப்பினார்.

அவள் வேலைக்குப் போயிருக்கும் பகலில் அவர் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். அவள் கை விரிப்பில் இருக்கும், மனசு வீட்டில் இருக்கும். இன்று எதுவரை வந்திருப்பார், மீசைக்காரன் வந்துவிட்டானா? "விரலையும் சேத்துத் தைச்சுடாதேடி. அதுக்கும் யாரு கணக்கு எழுதறது?" என்றாள் கிடங்கில் கூட இருந்தவள்.

ஒரு மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது படம் நின்றிருந்தது. பெட்டி முழுக்க மீசைக்காரன், கையில் பால் தம்ளர்.

"விஷம்னு போட்டிருக்கான்" என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரி, இவன் கதை இப்படின்னா மத்தது எப்படின்னு முன்னாலயும் பின்னாலயும் ஓட்டி ஓட்டிப் பாத்தேன். மாத்திரையை ஒளிச்சுவைக்கற மாமனார்னு ஒரு ஆளே இல்லையே."

"இல்லைங்க."

"அப்ப என்னைத் திட்டினது யாரு?"

"நான்தான்."

அவர் சிரித்தார். அவளுக்கும் உயிர் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எப்போதும் கத்தியே பேசுகிறவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டாக்டர் சொன்னாருன்னு நீ எங்கிட்டச் சொன்னதெல்லாம்?"

அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மறுநாள் அவர் உட்கார்ந்து மூன்று கடிதம் எழுதினார். ரத்த அழுத்த டாக்டருக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, காது மருத்துவமனைக்கு ஒன்று. அம்மா சொன்னதெல்லாம் நீ போனில் சொன்னதுதானா என்று மகளைக் கேட்டிருந்தார். விஷயம் மாப்பிள்ளை காதுக்குப் போகக்கூடாது என்றும் எழுதியிருந்தார்.

டாக்டரின் பதில் முதலில் வந்தது. அவள் சொன்ன அதே மாத்திரை, அதே அளவு. பத்து நாள் கழித்து மகளின் பதில். அம்மா சொன்னது அத்தனையும் தான் சொன்னதுதான், அப்பாவுக்குத் திடீரென்று என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாள்.

"நீ சரியாத்தான் சொல்லியிருக்கே. என் புத்தி போனதைப் பாரு" என்றார் அவர். வெகு நாளைக்குப் பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டதும் அவர்தான்.

அந்த நேரத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கருவி வாங்கிய அன்று காது டாக்டர் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: நரம்பு செத்துவிட்டது, கருவி போட்டால் இரைச்சல் கொஞ்சம் எட்டலாம், பேச்சு இனி ஒருபோதும் வராது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவரிடம் அவள் சொன்னது, விடாமல் போட்டுக்கொண்டிருந்தால் கொஞ்சம்கொஞ்சமாக வந்துவிடுமாம் என்று. ஐந்து வருஷமாக அவர் அதைத் தூங்கும்போது மட்டும்தான் கழற்றுகிறார். ஞாயிறுதோறும் சுவர்க் கடிகாரத்தை இறக்கிக் காதோடு வைத்துப் பார்க்கிறார்.

அவள் வெளிச்சத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தாள். அவர் உதட்டைப் பார்த்தார்.

"ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்?" என்றாள்.

தபால்காரர் பகல் பன்னிரண்டு மணிக்கு வருவார். அவள் எட்டு மணிக்குள் கிடங்கில் இருக்கவேண்டும். இரண்டு நாள் லீவு போட்டு வாசலிலேயே நின்று பார்த்தாள், காது மருத்துவமனைக் கடிதம் வரவில்லை. மூன்றாவது நாள் லீவு கொடுக்க மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு மாலையும் நாற்காலியைத் திருப்பினாள். ஒவ்வொரு மாலையும் வாய் வேறு எதையோ சொல்லிற்று. ஞாயிற்றுக்கிழமை அவர் கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டு, இந்த வாரம் லேசாக டிக்டிக்கென்று ஏதோ கேட்கிறது என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

காது மருத்துவமனையின் பதில் அவள் வேலைக்குப் போன பிறகு, செவ்வாய்க்கிழமை, 11.6.2019 அன்று வந்தது.