வெறும் தாளில் கையெழுத்திடாதவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள், உங்களுக்கு ஃபோன் என்று. கல்லூரி அலுவலக உதவியாளர் பேசினார். "மேடம், ரங்கநாயகி மேடம் தவறிட்டாங்களாமுங்க. காலையில நாலு மணிக்கு, துடியலூர் ஊட்டுலயேதானுங்க." அவரே தொடர்ந்தார்: "நாளைக்குக் காலேஜ் லீவு இல்லீங்களாமா. அதையும் சேத்திச் சொல்லச் சொன்னாங்க."

இரண்டு செய்திகளும் ஒரே மூச்சில் வந்தன. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே கல்லூரியில் வரலாறு நடத்தியவரின் சாவுக்கு அந்தக் கல்லூரி சொல்ல விரும்பியது அவ்வளவுதான்.

நம் கல்லூரியின் இந்த இதழைப் படிக்கும் பழைய மாணவியரில் பலர் அவரிடம் அமெரிக்க வரலாறு படித்தவர்கள். படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒல்லியான உருவம், வெளிர் நிறக் கைத்தறிச் சேலை, தோளில் ஒரு துணிப்பை. வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களிடம் கோயமுத்தூர்த் தமிழ். அமெரிக்காவை அவர் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகள்தாம் அவருடைய பாடம்.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் அவர் வகுப்பின் பின்வரிசையில் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். ஐரோப்பிய அரசுகள் இனி இரண்டு அமெரிக்கக் கண்டங்களிலும் கை வைக்கக் கூடாது என்று ஐந்தாவது ஜனாதிபதி அறிவித்த பாடம். "பக்கத்துத் தோட்டத்துக்காரங்க கேக்காமயே, உங்க வேலிக்கும் நானே காவல்னு ஒருத்தர் வந்து நின்னா, நன்றி சொல்லறதுக்கு முன்னால யோசிங்க அம்மணிகளா," என்றார். பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அவருக்கு எதுக்கு உங்க வேலி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

அவர் குரல் மாறுவது ஒரே ஒரு பாடத்தில். அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களின் நிலத்தை அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டு வாங்கிய கதை. கூட்டத்துக்கு வராதவர்கள் சம்மதித்ததாகவே கொள்ளப்படும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். பெரும்பாலோர் போகவில்லை. போனவர்களில் ஏறக்குறைய இருபது பேர், அவர்களுக்கு அந்த அதிகாரத்தை யாரும் கொடுக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். எங்களுக்குச் சம்மதமில்லை என்று பதினைந்தாயிரம் பேருக்கு மேல் எழுதிக் கொடுத்த மனு பெட்டிக்குள் கிடந்தது. செனட்டில் ஒரே ஒரு ஓட்டில் ஒப்பந்தம் தேறியது. பிறகு அந்த மக்களைத் துப்பாக்கிமுனையில் ஊரைவிட்டு நடக்கவைத்தார்கள், வழியெல்லாம் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இதைச் சொல்லி முடித்ததும் புத்தகத்தை மூடிவிடுவார். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தாலும் மேற்கொண்டு நடத்த மாட்டார்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் தொடங்கும் முன்பே மினிட்ஸ் நோட்டு சுற்றிவரும். பக்கத்தின் மேலே தேதி மட்டும் இருக்கும். கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். பேசியது என்ன, தீர்மானம் என்ன என்பதையெல்லாம் துறைத்தலைவர் மறுநாள் சாவகாசமாக நடுவில் எழுதிக்கொள்வார். எல்லோருக்கும் பஸ் பிடிக்கும் அவசரம். யாரும் இதைத் தப்பென்று நினைத்ததில்லை. ரங்கநாயகி அக்கா மட்டும் நோட்டைத் தொடாமல் அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். அன்றைக்கே எழுதச் சொல்லி, எழுதி முடிக்கும்வரை ஐந்தரை மணியானாலும் உட்கார்ந்திருப்பார். முழுதும் படித்த பிறகே பேனாவைத் திறப்பார்.

"ஏனுங்க நாயகி, அமெரிக்காக்காரன் வந்து உங்க துடியலூர்த் தோட்டத்தையா எழுதி வாங்கப்போறான்?" என்று மூத்த ஆசிரியை ஒருவர் சீண்டுவார்.

"வாங்கறவன் எந்த ஊர்க்காரன்னு மொதல்லயே தெரியறதில்லீங்களே," என்பார் அக்கா.

எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று அறுவைச் சிகிச்சை நடந்தது. இரண்டு மாத விடுப்பு. அந்த இடைவெளியில்தான் ஒரு வெள்ளிக்கிழமை அவசரமாகக் கூட்டம் கூட்டினார்கள். வரலாறு படிக்கப் பெண்கள் வருவதில்லை, சுற்றுலா மேலாண்மை கொண்டுவந்தால் வருவார்கள், அதற்கு இப்போது நடத்தும் ஏதாவது ஒரு பாடத்தை எடுத்துவிட வேண்டும் என்றார் துறைத்தலைவர். எதை எடுப்பது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. என்னுடையது இந்திய வரலாறு, அதில் கை வைக்க மாட்டார்கள். வாயைத் திறந்தால் வைப்பார்கள். நோட்டு வந்தது. அவிநாசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு போட்டேன்.

அக்கா திரும்பி வந்த நாள் கால அட்டவணையில் அவர் பெயர் இல்லை. அமெரிக்க வரலாறு நீக்கப்பட்டிருந்தது. அவருக்கு நூலகத்தில் புத்தக இருப்புச் சரிபார்க்கும் வேலை. நேரே அலுவலகத்துக்குப் போய் மினிட்ஸ் நோட்டை வாங்கிப் படித்திருக்கிறார். "துறையினர் அனைவரும் ஒருமனதாக" என்று இருந்தது. அதற்குக் கீழே, "விடுப்பில் உள்ள உறுப்பினரின் இசைவும் உள்ளதாகக் கொள்ளப்பட்டது" என்ற வரி. இருபது வருடமாகச் செரோக்கிப் பாடத்தில் அக்கா கரும்பலகையில் எழுதிய வரிதான் அது. நோட்டில் எழுதிய துறைத்தலைவருக்கு அது தெரியவே தெரியாது என்பதுதான் இன்னும் கசக்கிறது.

மத்தியானம் ஆசிரியர் அறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"அம்மணி, எழுதறதுக்கு முன்னாடி போட்டீங்களா, பொறவு போட்டீங்களா?"

"முன்னாடிதானுங்க அக்கா. வெறும் காயிதம்தான் இருந்துச்சுங்க."

"வெறும் காயிதம்னு தெரிஞ்சுதானே போட்டீங்க."

என் முன்னால் இருந்த டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. அவர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்க, ஆறிப்போகுது. அந்த இருவது பேருலயும் நல்லவங்க இருந்தாங்க கண்ணு. பயந்துபோய்ப் போட்டவங்க, வேற வழியில்லைன்னு நெனச்சுப் போட்டவங்க. இத்தன வருசமா அத நான் பாடத்துல சொல்லாமயே உட்டுப்போட்டேன். சொல்லியிருக்கோணும்."

திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் என்னை மன்னித்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த நாளுக்குப் பிறகு அவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

முதல்வருக்கு இரண்டு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. நூலகத்தில் தூசிக்கு முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, அலமாரி அலமாரியாகப் புத்தகம் எண்ணினார். மூன்றாமாண்டுப் பெண்கள் சிலர் அங்கே போய், பாதியில் நின்ற பாடத்தை முடித்துத் தரச் சொல்லிக் கேட்டார்கள். நின்றுகொண்டே முடித்துக் கொடுத்தார். பாடத்திட்டத்தில் இல்லாததை நடத்துவதாக அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். இந்த ஆண்டு தொடக்கத்தில் நோய் திரும்பவும் வந்தது.

கடைசியாகத் துடியலூர் வீட்டில் அவரைப் பார்த்தேன். "அந்த நோட்டு இன்னும் அப்படியேதான் சுத்துதுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை துறையில் இரங்கல் கூட்டம். நோட்டு வந்தது. மேலே தேதி, கீழே நான்கு கையெழுத்து, நடுவில் ஒன்றுமில்லை. நான் தொடவில்லை.

"இரங்கல் தீர்மானத்துல புதுசா என்னங்க இருக்கப்போகுது வசந்தாமணி? எப்பவும் எழுதறதுதானே," என்றார் துறைத்தலைவர்.

"எழுதுங்க மேடம். நான் இருக்கறேன்."

என் பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸும் போயிருக்கும். ஐந்தரை மணிக்கு எழுதி முடித்து நோட்டை என் பக்கம் தள்ளினார். "உடல்நிலை கருதி, ஆசிரியப் பொறுப்பிலிருந்து தாமாகவே விலகி, நூலகப் பணியை விரும்பி ஏற்ற" என்று இருந்தது. 'தாமாகவே', 'விரும்பி' இரண்டையும் எடுக்கச் சொன்னேன்.

"செத்தவங்களப் பத்தி நல்லவிதமாத்தானே எழுதியிருக்குது. இதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?"

எடுக்கவில்லை. நானும் போடவில்லை. அந்தப் பக்கத்தில் என் பெயருக்கு நேரே உள்ள இடம் இப்போதும் காலியாக இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பக்கத்தில் என் கையெழுத்தும் அப்படியே இருக்கிறது. அதை இனி யாராலும் எடுக்க முடியாது.

அவர் தாமாக விலகவில்லை. நாங்கள் விலக்கினோம். அதில் நானும் ஒருத்தி.

போய் வாருங்கள் அக்கா. உங்களைப் பற்றி எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டேன். இரண்டு முறை படித்தும் பார்த்துவிட்டேன். இனிமேல்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

சு. வசந்தாமணி