பலாப்பழத்துக்குள் கேட்ட சத்தம்

இரண்டு கட்டைவிரல்களையும் காதுக்குள் விட்டுக்கொண்டு, மற்ற விரல்களை இறுக்கி மடக்கிப் பாருங்கள். எங்கோ தூரத்தில் ஒரு ஜீப் மலையேறுவதுபோல் ‘கும்ம்’ என்று கேட்கும். சின்ன வயதில் அது ரத்தம் ஓடுகிற சத்தம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, சதை இறுகும்போது உள்ளுக்குள் நடுங்குகிற சத்தம் அது என்று ஒரு சயின்ஸ் வாத்தியார் சொன்னார். தன் டேப் ரெக்கார்டரை ரிப்பேருக்குக் கொடுக்க வந்தவர் அவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காடு கடைவீதியில் எனக்கு ரேடியோக் கடை. பனி இறங்கிவிட்டால் எதிர்க்கடை கண்ணுக்குத் தெரியாது, அங்கே பாடுகிற பாட்டு மட்டும் வந்துகொண்டிருக்கும்.

அந்த வருஷத்து ஐப்பசி மழையில் என் மனைவி படியில் வழுக்கி விழுந்தாள். வலது மேல்கை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் மணிக்கட்டு தொங்கிப்போயிருந்தது. சேலத்து டாக்டர், “நரம்பு அடிபட்டிருக்கு. திரும்பி வரலாம், வராமலும் போகலாம். தினமும் தூக்கப் பாக்கணும், விட்றாதீங்க” என்றார்.

அவள் ஜாக்கெட் தைக்கிறவள். கத்தரிக்கோல் பிடிக்கிற கை அது. பத்து நாள் முயன்றாள். பதினோராவது நாள் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி மிஷின் டிராயருக்குள் வைத்துவிட்டாள்.

“செத்த கையத் தூக்கு தூக்குன்னு ஏனுங்க என் உசுர வாங்கறீங்க?”

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். “செத்திருக்கா இல்லையான்னு கேட்டே பாத்தர்றேன்” என்று கிளம்பிவிட்டேன். பழைய ஸ்டெதஸ்கோப்பின் வட்டத் தகட்டை ஒரு மைக்கோடு ஒட்டி, சத்தத்துக்கு ஏற்ப ஊசி ஆடுகிற டேப் ரெக்கார்டரில் செருகினேன். ஒரு மத்தியானம் அவள் முன்கையின் மேல் அதை அழுத்திப் பிடித்து, “தூக்கு” என்றேன். மணிக்கட்டு அசையவில்லை. ஊசி எழுந்தது.

“ஏனுங்க! ஆடுதுங்க!”

அதற்கப்புறம் தினமும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். ஜன்னல் முழுக்க வெள்ளையாகப் பனி நிற்கும். காப்பிப் பூ பூத்த வாரத்தில் அந்த வாசம் வேறு உள்ளே வந்து, நாங்கள் இருப்பது வீட்டிலா கனவிலா என்று எனக்கே பிடிபடாது. “ஏரிக்கு அந்தப் பக்கம் இடி இடிக்கற மாதிரி இருக்குதுங்க, நொம்ப தூரத்துல” என்பாள். சில நாள் கேட்டபடியே தூங்கிப்போவாள். நான் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருப்பேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவ்வளவு நேரம் நான் அவள் கையைப் பிடித்ததில்லை.

இப்படி ஒரு மாதத்துக்கு மேல் போனது. ஒருநாள் கரடியூர்க்காரர் ஒருவர் ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவை வாங்க வந்தபோது ஒரு பலாப்பழத்தைக் கடையில் வைத்துவிட்டுப் போனார். ஒயரைப் பற்றவைக்க டேப் ரெக்கார்டரையும் மைக்கையும் அன்று கடைக்கு எடுத்து வந்திருந்தேன். சும்மா விளையாட்டுக்குப் பழத்தின் மேல் அழுத்திப் பிடித்து, “தூக்கு சாமி” என்றேன்.

ஊசி எழுந்தது.

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மைக்கைப் பழத்தின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். ஊசி படுத்துக்கொண்டது. மறுபடி பிடித்தேன், எழுந்தது. பலாப்பழத்துக்கு ஏது நரம்பு? ‘தூக்கு’ என்று சொல்லும்போதெல்லாம் என்னை அறியாமல் நான்தான் இறுக்கியிருக்கிறேன். அத்தனை மத்தியானமும் முனகியது என் கட்டைவிரல். ரேடியோவுக்குள் கையை விட்டால் அதுவே ஒரு இரைச்சல் என்று தெரிந்து தொழில் செய்கிறவன் நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலு நாள் மறைத்தேன். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனால், கத்தரிக்கோல் டிராயரிலிருந்து வெளியே வந்திருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து மிஷின் மேல் வைத்திருந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பலாப்பழக் கதையைச் சொல்லிவிட்டேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். “அப்ப இத்தன நாளும் உங்க கையத்தான் கேட்டுக்கிட்டு இருந்தனாங்க?”

மூன்று நாள் சோற்றுக்குக் கூப்பிட்டதைத் தவிர ஒரு பேச்சு இல்லை. டேப் ரெக்கார்டரை நான் தொடவும் இல்லை. அது மிஷின் பக்கத்திலேயே கிடந்தது. பயமாக இருந்தது எனக்கு. இனி அந்தக் கையை அவள் தூக்கவே மாட்டாள், அதைக் கெடுத்தவன் நான் என்று.

நாலாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். பனிக்குள்ளிருந்து அவள் கடைக்கு வந்தாள். இடது கையில் ஒரு கேசட்.

“இதப் போடுங்க. பெரிய பொட்டில போடுங்க.”

கோயில் நோம்பிக்கு வாடகைக்கு விடுகிற ஸ்பீக்கர் பெட்டி அது. போட்டேன். முதலில் காக்கா கரைந்தது. பிறகு அவள் குரல்: “தூக்கறேன்.” ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. அப்புறம் அடியிலிருந்து கும்ம். “விட்டுட்டேன்.” நின்றுவிட்டது. மறுபடி, “தூக்கறேன்.” மறுபடி கும்ம்.

என் வாய் சும்மா இருக்குமா? “மைக்க எடது கையில புடிச்சியா?”

“ஜாக்கெட் துணியக் கிழிச்சு மைக்கக் கையோட சுத்தி, பல்லால இழுத்து முடிச்சுப் போட்டேனுங்க.”

“அப்ப எடது கை எங்க இருந்துச்சு?”

“தல மேல. இப்படிக் கேப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?”

அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். அது இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பெட்டிக்குள் மட்டும் எழுந்து எழுந்து அடங்கியது. பத்து முறை எண்ணினேன். கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. கேசட்டை நிறுத்தப் போனேன்.

“இருங்க, இன்னும் இருக்குதுங்க” என்றாள். சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெட்டிக்குள் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது.

“இது உங்க கை இல்லீங்க. என் கை.”