சம்பந்தி கொண்டுவந்த விளையாட்டு அட்டைகள்

எங்கள் மகள் ஒரு ஜப்பானியப் பொடியனைக் கல்யாணம் செய்யப்போவதாகச் சொன்னபோது என் கணவர் சண்டை பிடிக்கவில்லை. மாறாக, அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அவள் போன் எடுத்தால் "அம்மாட்டக் குடுக்கிறன்" என்று என்னிடம் நீட்டிவிடுவார்.

"பொடியன் நல்ல பொடியன்தான். நான் இல்லை எண்டு சொல்லேல்லை," என்றார் என்னிடம். "ஆனா தகப்பனோட நான் என்ன கதைக்கிறது? சம்பந்தி எண்டால் கதைக்க வேண்டாமோ?"

கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்க அந்தச் சம்பந்தி லண்டனுக்கு வந்தார். ஒசாகாவுக்குப் பக்கத்து ஊர். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகளும் பொடியனும் ஒற்றை அறை பிளாட்டில் இருந்தார்கள். அந்த மனிதரைத் தனியாக ஹோட்டலில் விட எனக்கு மனம் வரவில்லை. ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டு மேலறையை ஒதுக்கிக் கொடுத்தேன்.

முதல் இரண்டு நாளும் ஆண்கள் இருவரும் டொக்டரிடம் முறைக்குக் காத்திருப்பவர்களைப்போல ஒரே சோபாவில் இருந்தார்கள். என் கணவர் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தார். "சாப்பாடு உறைப்போ?" என்று கேட்டார். போன் என்னத்தைச் சொன்னதோ, சம்பந்தி பதறி எழும்பி நின்று குனிந்து வணங்கினார். என் கணவர் போனைப் பொக்கெற்றுக்குள் வைத்துவிட்டு டிவியைப் போட்டார்.

நான் வீட்டிலிருந்து பிளவுஸ் தைப்பவள். சனிக்கிழமை காலை மகளின் கூறைச் சேலைக்கான பிளவுஸைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து, பட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக அருகில் பிடித்துக் கரைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி வந்து எதிரில் நின்று பார்த்தார். பிறகு கையைக் காட்டி என்னைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, மேலே போய் ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்தார். துணி இல்லாத பக்கத்தில் பழைய அட்டைகளை அடுக்கினார். சிலது வட்டம், சிலது நீளச்சதுரம். எல்லாவற்றிலும் பேஸ்போல் வீரர்கள்.

எனக்குப் பேஸ்போல் தெரியாது. ஆனால் நிறம் தெரியும். மஞ்சள் வானம், அதற்குக் கீழே பச்சையே கலக்காத நீல நிலம், நடுவில் வெள்ளை உடுப்பில் ஒருவன். அவனுடைய கன்னத்தில் மணப்பெண்ணுக்குப் போடுவதுபோல ரோஸ் பூச்சு. பெயர் எழுத்துகள் மேலிருந்து கீழாகச் சிவப்பில் இறங்கின. அந்தச் சிவப்பை அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் வைக்க எனக்குத் துணிவு வந்திராது. ஆனால் அங்கே அது சரியாக இருந்தது. வட்ட அட்டை ஒன்றில், வீரன் பந்தை அடித்து முடித்த வேகத்தில் முதுகை வளைத்து நிற்கிறான். வட்டத்துக்குள் ஆளை அடக்க, வரைந்தவர் முதுகையே விளிம்போடு வளைத்துவிட்டிருக்கிறார். நான் விரலால் அந்த வளைவைத் தடவிக் காட்டினேன். சம்பந்தி பலமாகத் தலையாட்டினார். ஒரு சொல்லும் இல்லாமல் நாங்கள் கனநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் மகளும் பொடியனும் வந்தார்கள். மேசையில் அட்டைகளைக் கண்டதும் பொடியன் சிரித்துக்கொண்டு ஒன்றை நிலத்தில் வைத்தான். தகப்பன் இன்னொன்றை ஓங்கி அதன் பக்கத்தில் அடித்தார். படார் என்றது. கீழே கிடந்தது துள்ளிப் பிரண்டது.

"ஐயோ, பழுதாப் போயிடும்!" என்று நான் கத்திவிட்டேன்.

"இல்லை அம்மா, இது அடிக்கவெண்டே செய்ததாம்," என்றாள் மகள். "மற்ற ஆளின்ர அட்டையைப் பிரட்டினால் அது உங்களுக்கு. அதுக்குத்தான் இவ்வளவு தடிப்பு."

டிவிச் சத்தம் நின்றது. என் கணவர் எழும்பி வந்தார். முழங்கால் நோவென்று கோயிலில்கூடக் கதிரை கேட்பவர், மெல்ல நிலத்தில் இருந்தார். முதல் அடி வீண். இரண்டாவதும் வீண். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பலமில்லை. காத்து," என்றார். "காத்துத்தான் பிரட்டுது." அடுத்த அடியில் சம்பந்தியின் அட்டை மல்லாந்தது. "விழுந்திட்டான்!" என்று அவர் கூவ, சம்பந்தி கைதட்டினார்.

விளையாடி ஓய்ந்தபின் என் கணவர் மகளைப் பார்த்து, "பிள்ளை, இதுக்குள்ள அவருக்கு எது விருப்பமெண்டு கேள்," என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளிடம் அவராகப் பேசிய பேச்சு அது. அவள் பொடியனிடம் கேட்டாள், பொடியன் தகப்பனிடம் கேட்டான்.

சம்பந்தி பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். அச்சில் நிறம் விலகிப்போன அட்டை. புருவம் இரண்டு சோடி. உதட்டுச் சிவப்பு வாயை விட்டு நாடிக்கு இறங்கியிருந்தது. சின்ன வயதில் இதை யாருமே அவரிடமிருந்து வெல்ல விரும்பவில்லையாம். பின்னாளில் அவருடைய மனைவி இதை எடுக்கும்போதெல்லாம் சிரிப்பாராம். சமைக்கிற நேரத்தில் இதைக் காட்டினால், கரண்டியை வைத்துவிட்டுச் சிரிப்பாராம்.

மகள் அதைத் தமிழில் சொல்லி முடித்தாள். என் கணவர் அட்டையை இரு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

"அவவும் வந்திருக்க வேணும்," என்றார். "இதைச் சொல்லு பிள்ளை. அப்பா சொல்றார் எண்டு சொல்லு."

மகள் பொடியனிடம் சொன்னாள், பொடியன் தகப்பனிடம் சொன்னான். சம்பந்தி தன் பர்ஸிலிருந்து மனைவியின் சின்னப் படமொன்றை எடுத்து நிலத்தில், எங்கள் நடுவில் வைத்தார். மெலிந்த முகம். கண்ணாடி. சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பவர்போல இருந்தார்.

மணமகனின் தகப்பனுக்கென்று வாங்கிவைத்திருந்த பட்டுச் சட்டையில் பொக்கெற் இருக்கவில்லை. அன்று பின்னேரம் அதன் உட்பக்கம், இடது நெஞ்சில், அந்தப் படத்தின் அளவுக்கு ஒன்று தைத்தேன். சம்பந்தியிடம் காட்டியபோது அவர் குனிந்து வணங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தாலி கட்டும் நேரத்தில் அவர் நெஞ்சில் கையை வைத்தபடி நின்றார். பிறகு குடும்பமாகப் படம் எடுக்க வரிசையில் நின்றபோதும் கையை எடுக்கவில்லை. படம் பிடிக்க வந்த தம்பி, "அங்கிள், கையைக் கீழ விடுங்கோ," என்று சைகை காட்டினார்.

என் கணவர் சம்பந்திக்குப் பக்கத்தில் இன்னும் நெருங்கி நின்றுகொண்டு, "இல்லைத் தம்பி," என்றார். "அது அப்பிடியே இருக்கட்டும். நீர் எடும்."