மெர்வுக்கு ஒரு பிரெட் பெட்டி

ஹாக்கின்ஸ் வெல் என்ற சின்னக் கோதுமை ஊரில் யாராவது தும்மினால், அவர் மூக்கைத் துடைப்பதற்குள் நோலா பாஸ்கோவின் சூப் வாசலுக்கு வந்துவிடும். கேட்கும்வரை காத்திருப்பது நோலாவின் வழக்கத்திலேயே கிடையாது. முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பது பெற்றவளுக்கு முன்னால் நோலாவுக்குத் தெரியும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியும், ஊரையே அந்தப் பேருந்தில் ஏற்றி வைத்துக்கொண்டு ஓட்டுவதாகத்தான் அவருக்கு இன்னும் நினைப்பு. இது கணவர் டெஸ் சொல்வது. அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர், அதனால் தனக்கு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத் தெரியும் என்று அதையும் சேர்த்துச் சொல்வார்.

அப்படிப்பட்ட நோலாவிடம், ஜூன் மாதக் கடைசியில், தபாலாபீஸ் வாசலில் வைத்து மெர்வ் கிளைனிக் ஒரு கேள்வி கேட்டார்.

"நோலா, இந்த பிரெட்டெல்லாம் வீட்ல பண்றது ரொம்பக் கஷ்டமோ?"

அந்தக் கேள்வியே ஊருக்கு ஒரு செய்திதான். மெர்வ் நாற்பத்திரண்டு வருடம் கோதுமை விளைவித்தவர். அவர் நிலத்துக் கோதுமை கப்பலேறி எந்தெந்த தேசத்திலோ பிரெட்டாகியிருக்கிறது. அவர் வீட்டில் மட்டும் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பை பிரெட்தான். மனைவி ரோண்டாவுக்கு மாவைக் கண்டாலே ஆகாது. "கோதுமைய வெளியில பாத்தே அலுத்துடுச்சு, சமையக்கட்டுலயுமா" என்பார்.

ரோண்டா போய் மூன்று டிசம்பர் ஆகிறது. அதன் பிறகு மெர்வ் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஊருக்குள் இரண்டு அறை வீடு ஒன்றில் வந்து அடைந்துகொண்டார். டப்பாவில் வரும் பீன்ஸைத் திறந்து, சூடாக்காமல்கூடச் சாப்பிடுகிறார் என்று கேள்வி. எது கேட்டாலும் "பரவால்ல" என்ற ஒரே பதில். மூன்று வருடத்தில் அவர் தானாக வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நோலா அதையே நினைத்துக்கொண்டு வந்தார். ரோண்டா அவருக்கு உயிர்த்தோழி. தோழி விட்டுப்போன மனிதர் கண்ணெதிரே கரைந்துகொண்டிருப்பதைப் பார்த்து, சூப்பைத் தவிர எதுவும் செய்ய முடியாமல் இருந்தவர்.

"அவனுக்கு ஒரு பெட்டி பண்ணப் போறேன். பொறந்தநாளைக்கு," என்றார் டெஸ்ஸிடம். "பிரெட் பண்றதுக்கு வேண்டிய எல்லாம் உள்ள இருக்கணும். பெட்டியத் தொறந்தா நேரா மாவு பிசையணும்."

"ஆரம்பிச்சுட்டா," என்றார் டெஸ், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "கஷ்டமான்னுதானே கேட்டான்? இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது."

"உனக்குத் தெரியாதா அவனப் பத்தி? எதையும் ஒரு தடவதான் செஞ்சு பாப்பான். சரியா வரலன்னா ஜென்மத்துக்கும் தொடமாட்டான்."

அது உண்மை. மெர்வ் கோல்ஃப் ஆடியது வாழ்க்கையில் ஒரே ஒரு பந்து. அது குட்டையில் விழுந்தது; அன்று மாலையே மட்டைகளை யாருக்கோ கொடுத்துவிட்டார். ரோண்டாவின் காரியம் முடிந்து ஒரு தடவை கிளப்புக்குப் போனார். யாரோ தோளில் கைவைத்து அழுதுவிட்டார்கள். அத்தோடு கிளப்பும் போயிற்று. ஆகவே முதல் பிரெட் உப்பவில்லை என்றால் இரண்டாவது பிரெட் கிடையாது. மனிதர் மறுபடியும் பீன்ஸ் டப்பாவுக்குள் போய்விடுவார். நோலாவுக்கு இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

அடுத்த பத்து நாள் பாஸ்கோ வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடமில்லை. ஆப்பிள் வரும் மரப்பெட்டி ஒன்றைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தார். அதில் முதலில் போனது அவருடைய சொந்த பிரெட் அச்சு. இருபது வருடம் வெந்து வெந்து கறுத்துப்போனது, எதுவும் ஒட்டாது. புதிதாக ஒன்று வாங்கினால் முதல் பிரெட் அடியில் பிடித்துக்கொள்ளும் என்ற பயம். ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியை வெட்டி, மாவு வழிக்க ஒரு சுரண்டி. பிசைந்த மாவை மூடிவைக்க, எப்போதோ ஒரு மோட்டல் அறையில் கிடைத்த குளியல் தொப்பி.

"இதத் தலையில மாட்டிக்கிட்டுத்தான் மாவு பிசையணும்னு நெனச்சுக்கப் போறான்," என்றார் டெஸ்.

"அவனையும் உன்ன மாதிரின்னு நெனச்சியா?"

பிரெட்டை உப்பவைக்க வீட்டில் வளர்த்துவரும் புளித்த மாவில் கொஞ்சம் ஜாடியில் போட்டுக் கொடுக்கலாமா என்று யோசித்தார். அதற்குத் தினமும் தீனி போட வேண்டும், மறந்தால் செத்துப்போகும். மெர்வ் வீட்டில் இன்னொன்று சாகக் கூடாது. காய்ந்த ஈஸ்ட் பொட்டலமே போதும் என்று முடிவு செய்தார். செய்முறையை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினார். கப், ஸ்பூன் என்று எதுவும் இல்லை, எல்லாம் கிராமில். மெர்வ் நம்புவது தராசைத்தான். பிசைந்தது போதுமா என்று எப்படித் தெரியும் என்ற இடத்தில் பேனா நின்றது. "மழை பெய்து மூணாம் நாள் மண்ணை விரலால் அழுத்துவாயே, அப்படி இருக்க வேண்டும்" என்று எழுதினார். எழுதிவிட்டுத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

பாக்கி இருந்தது மாவு. அதில்தான் நோலாவுக்கு அந்த யோசனை உதித்தது.

ரோண்டா அடிலெய்டு ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தது யாருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று மெர்விடம் சத்தியம் வாங்கியிருந்தார். அறுவடைச் சமயம், சொன்னால் ஆளாளுக்குத் தங்கள் கதிரை விட்டுவிட்டு ஓடிவருவார்கள். ரோண்டா இறந்த செய்தி வந்த பிறகுதான், மெர்வின் கோதுமை அறுக்காமலே நிற்கிறது என்று ஊர் கவனித்தது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஏழு வீட்டு அறுவடை இயந்திரங்கள் வரிசையாக அவர் நிலத்தில் இறங்கின. ஒரே பகலில் மொத்தத்தையும் அறுத்துப் போட்டார்கள். நோலா அன்று நூற்றிருபது சாண்ட்விச் செய்தார். அந்தப் புழுதிக்குள் ஏழு இயந்திரமும் ஒன்றன் பின் ஒன்றாகப் போனதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் கண் நிறைந்துவிடும்.

அந்த அறுவடைக் கோதுமையில் ஒரு பீப்பாய் இன்னும் பழைய பண்ணைக் கொட்டகையில் இருந்தது. மெர்வ் அதை நினைவுக்காக வைத்திருக்கிறார் என்று நோலா நினைத்தார். குத்தகைக்காரரிடம் சொல்லி நாலு கிலோ அள்ளிவந்தார். பக்கத்து ஊரில் ஒருவரிடம் கல் இயந்திரம் இருந்தது. அதில் அரைத்து, பழைய கோதுமைச் சாக்கை வெட்டித் தானே தைத்த பையில் நிரப்பினார். கோதுமை கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது. பழசுதானே.

"நீ ஒரு தடவ சுட்டுப் பாத்துடேன்," என்றார் டெஸ். அவர் வாயிலிருந்து வந்த உருப்படியான யோசனை அது ஒன்றுதான்.

"இந்த மாவுல மொத பிரெட் அவன் கையாலதான் வரணும், டெஸ். நான் தொடக் கூடாது."

பிறந்தநாளன்று பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மெர்வ் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மாவுப் பையைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல் ஆட்டினார்.

"உன் கோதுமதான், மெர்வ். அன்னைக்கு எல்லாரும் சேந்து அறுத்தோமே, அது."

மெர்வ் நோலாவைப் பார்த்தார், பையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது. "பரவால்ல," என்றார் கடைசியில். "தேங்க்ஸ், நோலா."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். நோலா திறந்தார். கையில் ஒரு துணிப் பொட்டலத்தோடு மெர்வ். மூன்று வருடத்தில் அவர் யார் வீட்டு வாசலிலும் வந்து நின்றதில்லை. நோலாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. மெர்வ் நேராக உள்ளே போய் மேஜையில் பொட்டலத்தை வைத்தார். 'தொம்' என்று சத்தம் கேட்டது.

"கத்தி கொடு," என்றார்.

மேல்தோல் கறுஞ்சிவப்பாக, நடுவில் குழி விழுந்து கிடந்தது பிரெட். மெர்வ் வெட்டினார். கத்தி பாதியில் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது உள்ளே இருந்தது கூழாக, பசைபோல் கூடவே வந்தது.

நோலா குனிந்து அதை முகர்ந்து பார்த்தார். "அடுப்புச் சூடு பத்தலையோ? எவ்வளவு நேரம்..."

"நீ எழுதினது எழுதினபடி. கிராம் மாறல. நிமிஷம் மாறல."

"அப்போ ஈஸ்ட்டு..."

"ஈஸ்ட் இல்ல, நோலா. கோதும." மெர்வ் கத்தியைத் துடைத்தார். "நீ எனக்குக் கோழித் தீவனத்துல பிரெட் பண்ணச் சொல்லியிருக்க."

டெஸ் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"முத்தின கதிர்ல மழ பேஞ்சுது. நிக்கிறப்பவே மணி உள்ளுக்குள்ள மொளவிட்டுடுச்சு. வெளிய பாத்தா தெரியாது, ஆனா அந்த மாவு வெந்தாலும் பசையாத்தான் இருக்கும். தானியம் வாங்குற சைலோவுல சோதிச்சான், அத்தனை லோடும் தீவனத்துக்குப் போச்சு. அறுத்த ஏழு பேருக்கும் தெரியும். ஆம்பளைங்க, பாவம், ஒருத்தனும் வாயத் தொறக்கல. அந்தப் பீப்பாய நான் வச்சது கோழிக்கு."

கோதுமை ஊரில் நாற்பது வருடம் குடியிருந்து, அடுத்த வீட்டுப் பூனையின் பிரசவத் தேதிகூடத் தெரிந்து வைத்திருக்கும் நோலாவுக்கு இது தெரியவில்லை. கேட்காமலே செய்யும் கைக்கு ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உன்கிட்ட இருக்கறதுலயே நல்லதக் கொடுக்கணும்னு நெனச்சேன், மெர்வ். உன்னோட மோசமான வருஷத்தப் பையில போட்டுக் கொடுத்திருக்கேன். நான் ஒரு முட்டாள்."

மெர்வ் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில தெனமும் காலையில அவ சொல்லுவா, போய் அறுத்துட்டு வான்னு. நான் சொல்லுவேன், இன்னும் பச்சையாத்தான் இருக்கு, ஒரு வாரமாகும்னு." மெர்வ் கத்தியைத் தள்ளி வைத்தார். "நவம்பர் கடைசி, நோலா. எந்த ஊர்ல நவம்பர் கடைசியில பச்சையா நிக்கும்? முப்பத்தேழு வருஷம் விவசாயி பொண்டாட்டி அவ. அவளுக்குத் தெரியாதா? ஆனா ஒரு நாளும் பொய் சொல்றேன்னு சொல்லல. சரி, பச்சையா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னு கையப் புடிச்சுக்குவா."

நோலா அழுதார். மறைக்கவில்லை. டெஸ் எழுந்து கெட்டிலைப் போட்டார், அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது.

"மோசமான வருஷந்தான்," என்றார் மெர்வ். "ஆனா ஆஸ்பத்திரியில அவகூட இருந்த பத்து நாள் மோசமில்ல. திரும்ப வந்தாலும் அறுக்கப் போகமாட்டேன்."

தேநீர் வந்தது. பிறகு நோலா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மீதி மாவு எங்க? எடுத்துட்டு வந்துடறேன். எங்க கோழிக்குப் போட்டுடலாம்," என்றார்.

"அதெல்லாம் முடியாது," என்றார் மெர்வ். பேருந்துப் பிள்ளைகூட நோலாவிடம் அப்படிப் பேசியதில்லை. "நேத்து ராத்திரி பூரா கணக்குப் போட்டேன். மில்லுக்காரன் என்ன செய்வான்? மொளவிட்டத நல்லதோட கலப்பான். நாலு பங்கு கடை மாவு, ஒரு பங்கு இது. பிரெட் எந்திரிக்கும். எந்திரிக்கலன்னா அஞ்சுக்கு ஒண்ணு."

நோலா நிமிர்ந்தார். "மறுபடியும் பண்ணப் போறியா?"

"புதன்கிழம." அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தார். "கொட்டாயில இன்னும் முக்கா பீப்பா இருக்கு. நூறு நூறு கிராமா, வாரத்துக்கு ஒரு பிரெட்டுன்னு வச்சா இருபத்திரண்டு வருஷம் வரும்."

"அப்ப உனக்குத் தொண்ணூறு ஆயிடுமேடா," என்றார் டெஸ்.

"ஆகட்டுமே."

"வண்டு வச்சுடும்," என்றார் நோலா, வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"இறுக்கி மூடினா வைக்காது," என்றார் மெர்வ். பிறகு கத்தியை எடுத்து அந்தப் பசைப் பிரெட்டின் ஓரத்தில், கொஞ்சம் வெந்திருந்த இடமாகப் பார்த்து மூன்று துண்டு வெட்டினார். "வெண்ண இருக்கா?"