மழைக் கொழுந்தின் எடை

நான் செய்த வண்டியில் உடையும்வரை பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று அந்த இன்ஜினியர் சொன்னபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஏழு மாதம் பாடுபட்டுச் செய்தது. உடைக்கவா செய்தேன்?

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கையில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் நான். மேல்மலையில் பறிக்கும் கொழுந்தைச் சாக்கில் கட்டி, பள்ளத்துக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பியில் கொக்கியோடு மாட்டித் தள்ளிவிடுவார்கள். அது வழுக்கிக்கொண்டு தொழிற்சாலைக்கு வந்து சேரும். ஒரு தடவைக்கு ஒரு சாக்குதான். நான் செய்த வண்டி அதே கம்பியில் இரண்டு உருளையில் ஓடும், பிரேக் உண்டு, அடியில் உள்ள கொக்கியில் நான்கு சாக்கு சுமக்கும். கம்பிக்கு நேர்கீழே பெண்கள் மலைக்கு ஏறும் பாதை. என் மனைவியும் தினமும் அதில்தான் போவாள். அதனால் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து கையெழுத்துப் போட்டால்தான் வண்டி ஓடும் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லிவிட்டார்.

வந்த இன்ஜினியர் யாழ்ப்பாணத்துக்காரர். முன்பு சீமையில் விமானம் பரிசோதிக்கும் வேலை பழகியவர். தங்கிய மூன்று நாளும் வண்டியைவிட விமானத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார். புது விமானத்தை வரைந்து முடித்ததும் பறக்க விடுவதில்லையாம். எந்தெந்த விதிக்கு அது கட்டுப்பட வேண்டும் என்று கம்பெனியும் அரசாங்கமும் முதலில் பேசி முடிக்க வேண்டும். பிறகு, பறக்கவே போகாத விமானம் ஒன்றைச் செய்து கொட்டகைக்குள் நிறுத்தி, இறக்கையில் பாரம் ஏற்றிக்கொண்டே போவார்களாம். வாழ்நாளில் அதற்கு வரக்கூடிய மிகப் பெரிய பாரத்தில் ஒன்றரை மடங்கு. அதை மூன்று விநாடியாவது தாங்க வேண்டும். பறக்கும் சோதனையிலும் கம்பெனி விமானி ஓட்டினால் போதாது, அரசாங்க விமானியும் ஓட்டிப் பார்ப்பார். சான்றிதழ் கிடைத்த பிறகு அமைப்பில் எதை மாற்றினாலும் மறுபடி அனுமதி கேட்க வேண்டும்.

"நீர் செய்ததை நீரே சரியெண்டு சொல்லேலாது. உமக்கு அது பிள்ளை. எனக்கு வெறும் இரும்பு" என்றார்.

பாரக் கணக்கை நான் முன்பே போட்டு வைத்திருந்தேன். ஒரு சாக்கு என்பது நான்கு கூடைக் கொழுந்து. மலையிலிருந்து வரும் ஒவ்வொரு சாக்கிலும், அங்கே கொழுந்தை நிறுக்கும் கணக்கப்பிள்ளை எடை எழுதிய துண்டு கட்டியிருக்கும். அந்த எடைக்குத்தான் பெண்களுக்குக் கூலி. மழையோ வெயிலோ, நாற்பது ராத்தலை ஒட்டித்தான் இருக்கும். நான்கு சாக்குக்கு நூற்றறுபது, ஒன்றரை மடங்கு இருநூற்று நாற்பது. அந்த அளவு மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டோம். கொக்கி அசையவில்லை. இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்து மூன்று எண்ணினார். துரை தலையை ஆட்டினார். என்னைப் பிடிக்க ஆள் இல்லை.

பேனாவைத் திறந்த இன்ஜினியர், "நாப்பது எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டார். துண்டுகளை நீட்டினேன்.

மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி முன்னால் வந்தாள்.

"அது கணக்கப்புள்ள எழுதுனதுங்க. சாக்குல இருக்கது வேற. தண்ணின்னு சொல்லி, மழைன்னா கூடைக்கு எட்டு ராத்தல், வெயில் காஞ்சாலும் நாலு ராத்தல் கழிச்சிட்டுத்தான் எழுதுவாரு. கொக்கிக்குக் கழிக்கத் தெரியுமாங்க?"

கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். எனக்கு ஆத்திரமெல்லாம் அவள்மேல்தான். "சும்மா இரு" என்று பல்லைக் கடித்தேன். இந்தக் கழிவைப் பற்றிப் பத்து வருஷமாகச் சாயங்காலந்தோறும் அவள் புலம்பியதைக் கேட்டவன் நான். பிட்டராகித் தராசுப் பக்கம் போகத் தேவையில்லாமல் ஆனதும், எழுதியதுதான் எடை என்று எனக்கும் ஆகிவிட்டது.

இன்ஜினியர் பேனாவை மூடினார். "நிறுத்துப் பாப்பம்."

அன்று மழை. சாக்கு எழுபத்திரண்டு ராத்தல் இருந்தது. மறுநாள் வெயிலில் நிறுத்தோம், ஐம்பத்தாறு. மழை நாளில் நான்கு சாக்கு ஏற்றினால், நான் சோதித்துக் காட்டிய பாரத்தையே தாண்டிவிடும். மூன்றாம் நாள் பாதையை மறித்துவிட்டு மூட்டைகளைக் கூட்டிக்கொண்டே போனோம். முந்நூறைத் தாண்டியதும் கொக்கி வாயைப் பிளந்தது. எல்லா மூட்டைகளும் பாதை நடுவில் விழுந்து கிழிந்தன. என் மனைவி எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

கொக்கியைப் புதிதாக அடித்தேன். ஒரு மாதம் கழித்து அவர் மறுபடி வந்து, நான்கு மழைச் சாக்கின் ஒன்றரை மடங்கான நானூற்று முப்பத்திரண்டு ராத்தலையும் தொங்கவிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். விமானத்துக்குள் ஒட்டுவதுபோல வண்டியிலும் ஒரு பலகை வேண்டும், அது இல்லாமல் ஓட்டக் கூடாது என்று சான்றிதழிலேயே எழுதினார். பலகையில் நான்தான் பெயின்ட் அடித்தேன்: நான்கு சாக்குக்கு மேல் கூடாது. சாக்கு ஒன்று வெயிலில் 56 ராத்தல், மழையில் 72 ராத்தல்.

அடுத்த வெயில் நாளில் பெண்கள் அந்தப் பலகையைக் காட்டிக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டார்கள். முன்னால் நின்று பேசியது என் மனைவி.

"சர்க்காரு அம்பத்தாறுங்குது, ஒங்க துண்டு நாப்பதுங்குது. மிச்சம் பதினாறு ராத்தல் எங்கங்க போச்சு?"

இரண்டாம் நாள் காலையில் பலகையைக் காணோம். ஆபீஸ் உத்தரவு என்றார்கள். நான் வண்டியை நிறுத்திப் பூட்டுப் போட்டேன். மலையில் சாக்கு குவிந்தது. துரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்டார். வேலை போய்விடும் என்று பயமாகத்தான் இருந்தது.

"பலகை இல்லாம ஓட்டக் கூடாதுன்னு சர்டிபிகேட்ல இருக்குங்க தொரை" என்றேன்.

சாயங்காலத்துக்குள் பலகை திரும்பி வந்தது. அதன் பிறகு வெயில் நாளில் கழிப்பதை விட்டுவிட்டார்கள். மழை நாளில் கழித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

முதன்முறை முழு எடை எழுதிய அன்று என் மனைவி நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து கூடையை இறக்கி வைத்தாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன்.

"பத்து வருஷமா நான் சொன்னேன்" என்றாள். "கொக்கி சொன்ன பெறகுதான் ஒங்களுக்குக் காது கேட்டிச்சு."